ஒரு லாந்தரை நான்கு முறை வரைந்தேன்

என் கணினியில் 'விளக்கு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் ஒன்று முதல் நான்கு வரை எண் போட்ட நான்கு ஃபோல்டர்கள். கேம் ஆர்ட், அதாவது வீடியோ கேம்களுக்கான ஓவியம், படிக்கச் சேர்ந்த முதல் மாதத்தில் நான் வரைந்த லாந்தர் விளக்கு முதலாவதில் இருக்கிறது. படிப்பு முடியும் தறுவாயில் எங்கள் குழுவின் கேமுக்குள் போன லாந்தர் நான்காவதில். போன வாரம் போர்ட்ஃபோலியோவுக்காகப் பழைய வேலைகளைத் துழாவியபோது நான்கையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

யாரிடம் காட்டினாலும் முதல் விளக்குதான் அழகு என்பார்கள். கண்ணாடியில் புகைக்கறை, தகரத்தில் துரு, கைப்பிடிக் கம்பியில் கீறல் என்று அதில் பார்க்க நிறைய இருக்கிறது. நான்காவதில் இவை எதுவும் இல்லை. மூன்று வருடம் படித்துவிட்டு, பார்வைக்கு எளிமையான ஒன்றில் வந்து நின்றிருக்கிறேன். நடுவில் என்ன நடந்தது என்று எழுதிவைக்கத் தோன்றியது. இந்தப் படிப்புக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் எந்த மென்பொருள் வாங்கலாம், எந்த டேப்லெட் நல்லது என்றுதான். அதைவிட உபயோகமானது இதில் ஏதாவது கிடைக்கும் என்று நம்புகிறேன்.

முதல் விளக்குக்கு 11 நாள் ஆனது. பயிற்சி சாதாரணமானதுதான்: பக்கவாட்டில் நகரும் ஒரு கேமில் வரக்கூடிய ஏதாவது ஒரு பொருளை வரைந்து வர வேண்டும். நான் லாந்தரைத் தேர்ந்தெடுத்தேன். உலோகம், கண்ணாடி, நெருப்பு, துரு, எல்லாம் ஒரே பொருளில் கிடைக்கிறதே என்ற ஆசை. 4000 பிக்சல் உயரத்துக்கு கேன்வாஸைத் திறந்து, பெரிதாக்கிப் பெரிதாக்கி வரைந்தேன். திரியின் நூலிழைகள்கூட எண்ணிவிடலாம்போல இருந்தன.

வகுப்பில் எங்கள் ஆசிரியை அதை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் 64 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கினார். பிறகு அடர்பழுப்புப் பின்னணி ஒன்றின் மேல் வைத்தார்.

"இது என்னம்மா?"

"லாந்தர், மேடம்."

"நீ சொன்னதால தெரியுது. சொல்லலைன்னா?"

வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். ஒருவன் பானை என்றான். இன்னொருத்தி மருந்து பாட்டில் என்றாள். யாரும் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையில் அப்படித்தான் தெரிந்தது. "கேம்ல இது இவ்வளவுதான் இருக்கும். பார்க்கிறவங்க ஓடிக்கிட்டே பார்ப்பாங்க. அரை நொடி கிடைச்சா அதிகம்," என்றார் மேடம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 11 நாள் உழைப்பு அந்தச் சுருக்கத்தில் எங்கே போனது என்று திரும்பத் திரும்பச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரு போயிருந்தது. கீறல் போயிருந்தது. திரியின் இழை போயிருந்தது. மிஞ்சியது ஓர் உருண்டைக் கறை.

அடுத்த வாரம் முழுக்க எங்களுக்குக் கறுப்பு மட்டும்தான். ஒரு மணி நேரத்தில் 30 லாந்தர்கள், உள்ளே ஒரு கோடுகூட இல்லாமல், வெறும் நிழலுருவங்களாக வரைய வேண்டும். வகுப்பில் சில்லவுட் என்போம். முதல் பத்து, பழக்கத்தில் வந்துவிடும். பதினைந்தைத் தாண்டும்போது கையில் ஒன்றும் மிச்சம் இருக்காது. யோசனை அங்கேதான் ஆரம்பிக்கிறது. லாந்தரை லாந்தராகக் காட்டுவது எது? நடுவில் உப்பிய கண்ணாடி, இரு பக்கமும் மேலேறும் குழாய்கள், தலைக்கு மேல் வளையும் கைப்பிடி. எல்லாவற்றையும்விட, அந்தக் குழாய்களுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம். என் 11 நாள் விளக்கில் அந்த வெற்றிடத்தை நான் புகை நிறத்தால் அழகாக நிரப்பிவிட்டிருந்தேன். அதனால்தான் அது பானையாகிப்போனது.

அந்த வாரம்தான் மாரியோவின் மீசைக்குக் காரணம் தெரிந்துகொண்டேன். 1981-இல் வந்த டாங்கி காங் கேமுக்காக ஷிகெரு மியாமோட்டோ என்ற வடிவமைப்பாளர் அந்தப் பாத்திரத்தை வடிவமைத்தபோது அவருக்குக் கிடைத்த பிக்சல்கள் மிகக் கொஞ்சம். அதில் வாய் வரைய இடமில்லை, அதனால் மீசை. குதிக்கும்போது தலைமுடி அசைவதைக் காட்ட வழியில்லை, அதனால் தொப்பி. கை வீசுவது உடம்போடு கலந்துவிடக் கூடாது, அதனால் சட்டைக்கு ஒரு நிறம், மேலே மாட்டிய ஓவரால்ஸுக்கு வேறு நிறம். சிறு வயதிலிருந்து நான் பார்த்த அந்த முகத்தில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சிக்கலுக்குக் கண்டுபிடித்த விடை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தக் கேமைப் பார்த்தாலும், இதற்கு எந்தச் சிக்கல் காரணமாக இருந்திருக்கும் என்று கேட்கத் தொடங்கிவிட்டேன். கேம் விளையாடும் சந்தோஷம் இதனால் எனக்குக் குறையவில்லை. கூடித்தான் இருக்கிறது.

நிழலுருவத்தைப் பற்றி நான் அதிகம் படித்தது டீம் ஃபோர்ட்ரஸ் 2 பற்றி. 2007-இல் வந்த கேம். அதில் ஒன்பது வகை வீரர்கள். தொலைவில் வருவது யார், மருத்துவரா, ராக்கெட் வைத்திருப்பவரா என்பதை ஒரு கணத்தில் முடிவுசெய்ய வேண்டும், இல்லையென்றால் செத்துவிடுவோம். அதனால் ஒன்பது பேருக்கும் உடல்வாகே வேறு வேறு. அந்தக் குழுவினர் தங்கள் முறையை ஓர் ஆய்வுக்கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகை அட்டைகள் வரைந்த லெயன்டெக்கர் போன்ற ஓவியர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதை அதில் சொல்கிறார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பாத்திரங்களின் கால் பக்கம் அடர்த்தியாகவும் மார்புப் பக்கம் வெளிராகவும் இருக்கும்படி நிறத்தை ஏற்றியிருக்கிறார்கள். காரணம், ஆயுதம் மார்புக்கு நேராக இருக்கிறது. எதிரி கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் விளையாடுபவர் முதலில் பார்க்க வேண்டும். பூட்ஸை யாரும் பார்க்கத் தேவையில்லை. நான் என் லாந்தரின் அடித்தட்டுக்கு இரண்டு நாள் செலவழித்திருந்தேன்.

சரி, நிறத்துக்கு வருகிறேன். இரண்டாவது விளக்கு நிற வகுப்பில் பிறந்தது. நீலப்பச்சைச் சுவர், அதன் முன்னால் ஆரஞ்சு நிறச் சுடர். எதிரெதிர் நிறங்கள் என்பதால் சுடர் பளிச்சென்று தெரியும் என்று எண்ணினேன். தெரியத்தான் செய்தது, ஆனால் பார்க்கப் பார்க்கக் கண் கூசியது. மேடம் படத்தின் நிறத்தை முழுக்க எடுத்துவிட்டுக் காட்டச் சொன்னார். சுவரும் சுடரும் ஒரே சாம்பலாக நின்றன. விளக்கு காணாமலே போய்விட்டது.

வேல்யூ, அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பது, நிறத்தின் பெயரோடு சேர்ந்து வராது. திரையில் வெள்ளை தெரியும்போது அந்த வெளிச்சத்தில் ஏறக்குறைய 72 சதவீதம் பச்சையிலிருந்து வருகிறது. சிவப்பிலிருந்து 21, நீலத்திலிருந்து வெறும் 7. நம் கண்ணின் உணர்திறன் அப்படி அமைந்திருக்கிறது. அதனால் மென்பொருளில் மூன்றையும் முழு அளவுக்கு ஏற்றினாலும் நீலம் இருண்டுதான் தெரியும், பச்சை கத்தும். இந்தக் கணக்கை நான் எண்களாக மனப்பாடம் செய்யவில்லை. நூறு முறை படத்தைச் சாம்பலாக்கிப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிவிட்டது. இன்றைக்கும் வேலை செய்யும்போது படத்தைச் சாம்பலாக்கிக் காட்டும் ஒரு லேயரை, அதாவது ஓர் அடுக்கை, மேலே வைத்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதை இயக்கிப் பார்ப்பேன்.

ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஓவியர் 1950 முதல் தன் கடைசிக் காலம் வரை சதுரத்துக்குள் சதுரமாக நூற்றுக்கணக்கில் வரைந்துகொண்டே இருந்தார். ஒரு நிறம் தனியாக இருக்கும்போது ஒன்றாகவும் பக்கத்தில் வேறொரு நிறம் வந்ததும் இன்னொன்றாகவும் தெரிகிறது என்பதைக் காட்டுவதற்கே ஓர் ஆயுள். முதலில் அவர் படங்களைப் பார்த்தபோது எனக்கு எதுவும் பிடிபடவில்லை. இரண்டாவது விளக்கைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் பிடிபட்டது. சுடரை இன்னும் பிரகாசமாக்க முயன்று முயன்று அது வெளிறிக்கொண்டே போனது. கடைசியில் சுடரைத் தொடாமல் விட்டுவிட்டு, சுவரை மூன்று படி இருட்டாக்கினேன். அதே ஆரஞ்சு, அதே நிற எண், திடீரென்று எரியத் தொடங்கியது. அந்த இரவை நான் மறக்க மாட்டேன். அறையில் தனியாக உட்கார்ந்து, சுவரின் லேயரை அணைத்தும் போட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த விளக்கை ஒரு சிறிய மாதிரி கேமில் போட்டோம். பச்சைக் கண்ணாடி போட்ட லாந்தர் என்றால் பாதை பத்திரம், சிவப்புக் கண்ணாடி என்றால் ஆபத்து. புரோகிராமிங் வகுப்பிலிருந்து ஒருவன் வந்து விளையாடினான். மூன்று முறை நேராகப் போய் ஆபத்தில் விழுந்தான். பொறுமையாகத் திரும்பி, "இதுல எது சிவப்பு?" என்று கேட்டான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. எனக்கு முகம் சுட்டது. சிவப்பையும் பச்சையையும் பிரிக்கும் நிறமிகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆண்களுக்கு அது ஒன்றே ஒன்றுதான் என்பதால், குறை இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு இது உண்டு, பெண்களில் அரை சதவீதம்தான். நாங்கள் ஆபத்து விளக்கின் கண்ணாடியை உடைந்த முக்கோணமாக மாற்றினோம், சுடரைத் துடிக்கவிட்டோம். நிறம் அப்படியே இருந்தது, ஆனால் அதை மட்டும் நம்பி எதுவும் இல்லை. அந்த நண்பன் பிறகு எங்கள் குழுவிலேயே சேர்ந்துவிட்டான். அவன் பார்க்காமல் நாங்கள் எந்தத் திரையையும் முடிந்ததாகச் சொன்னதில்லை.

மூன்றாவது விளக்கு முப்பரிமாணம். இந்தப் பகுதியை நான் பயந்துகொண்டே கடந்தேன். வரையத் தெரியும் என்ற நம்பிக்கையில் வந்தவளுக்கு, பாலிகன், யூவி, நார்மல் மேப் என்று ஒவ்வொரு சொல்லும் ஒரு சுவராக இருந்தது. ஒரு பெட்டியைப் பிரித்து அட்டையாக விரிப்பதுபோல மாடலின் தோலை விரித்துப் படமாக்குவதுதான் யூவி என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. புரியாதபோதெல்லாம் நான் கலைக்கு லாயக்கு, இதற்கு லாயக்கில்லை என்று மனம் ஒரு கதை சொல்லும். அது பொய் என்று இப்போது சொல்கிறேன். நார்மல் மேப்பின் ஊதா நிறத்தைப் பார்த்தே பயந்த காலம் உண்டு. மேற்பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை நிறமாக எழுதிவைத்த படம் அது. நேராக முன்னால் பார்க்கும் இடமெல்லாம் அந்த ஊதாவாகிறது, அவ்வளவுதான். தட்டையான தகட்டில் நசுங்கல் இருப்பதாக வெளிச்சத்தை நம்பவைக்கிறது. இது தெரிந்ததும் அந்த ஊதா எனக்கு ஓவியமாகத் தெரியத் தொடங்கியது.

மூன்றாவது விளக்கை முடித்து, கேமை இயக்கும் மென்பொருளான என்ஜினில் போட்டபோது என் நண்பன் எண்ணைப் பார்த்தான். முப்பரிமாண மாடல் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது. என்னுடையதில் 38,000 முக்கோணங்கள். "நம்ம ஹீரோயினே 12,000தான்," என்றான். கைப்பிடிக் கம்பியை மட்டும் 64 பக்கம் கொண்ட குழாயாகச் செய்திருந்தேன், வட்டம் வட்டமாகவே இருக்க வேண்டும் என்று. திரையில் அந்தக் கம்பியின் தடிமன் இரண்டு பிக்சல். டெக்ஸ்சர், அதாவது மாடலின் மேல் தோலாக ஒட்டும் படம், 2048-க்கு 2048 பிக்சல். சுருக்காமல் வைத்தால் ஒரு பிக்சலுக்கு 4 பைட், மொத்தம் 16 மெகாபைட். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும், எல்லா உலகங்களும் இசையும் சேர்ந்து, 40 கிலோபைட்டில் அடங்கியது. என் ஒரு விளக்கின் தோலுக்குள் அந்தக் கேமை நானூறு முறை வைக்கலாம். அந்தக் கேமில் மேகமும் புதரும் ஒரே வடிவம். மேகத்துக்கு வெள்ளை, புதருக்குப் பச்சை. பல வருடம் விளையாடியும் நான் கவனிக்காத விஷயம் இது.

பிறகு கண்ணாடி. நிஜக் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும்படி செய்திருந்தேன். என்ஜின் முதலில் ஒளிபுகாத பொருள்களை வரைந்துவிடும். ஒளி ஊடுருவும் பொருள்களைப் பின்னாலிருந்து முன்னால் வரிசைப்படி, ஒன்றின் மேல் ஒன்றாக, அதே பிக்சலைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருக்கும். சுரங்கப் பாதையில் வரிசையாக இருபது லாந்தர்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் கண்ணாடியின் முன்பக்கம், பின்பக்கம், உள்ளே புகை. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. அதற்குள் எல்லாம் நடக்க வேண்டும்: நகர்வு, மோதல், ஒலி, படம். என் விளக்குகள் வந்ததும் கேம் திக்கித் திக்கி நடந்தது.

எல்லாவற்றையும் பிரித்துப்போட்டேன். கைப்பிடி ஆறு பக்கக் குழாயானது. முக்கோணங்கள் 900-க்கு வந்தன. டெக்ஸ்சர், காட்சியில் வரும் மற்ற பொருள்களின் டெக்ஸ்சர்களோடு சேர்ந்து ஒரே படத்தில் ஒரு மூலைக்குப் போனது. கண்ணாடி ஒளிபுகாததாகி, அதன் மேலேயே சுடரையும் அதன் மங்கிய ஒளிவட்டத்தையும் கையால் வரைந்தேன். விளையாடுபவர் பார்க்கும் தூரத்திலிருந்து ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இன்னும் சொன்னால் முன்பைவிட நன்றாக இருந்தது, ஏனென்றால் சுடர் எங்கே இருக்க வேண்டும் என்பதை இப்போது கணக்கு முடிவுசெய்யவில்லை, நான் முடிவுசெய்தேன். முதல் வருடத்தில் கற்ற கறுப்பு உருவங்களும் சாம்பல் லேயரும் இங்கே வந்து கைகொடுத்தன. அதுவரை தனித்தனிப் பாடங்களாக இருந்தவை ஒன்றையொன்று கண்டுகொண்டது இந்த மூன்றாவது விளக்கில்தான்.

அசைவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். திரைப்பட அனிமேஷனில் ஒருவர் குதிப்பதற்கு முன் உடம்பைத் தாழ்த்துவார், பார்ப்பவரின் கண்ணைத் தயார்செய்ய. நொடிக்கு 24 ஃபிரேமில் எட்டு ஃபிரேம் அதற்குக் கொடுத்தால் அழகாக இருக்கும். கேமில் அது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு தாமதம். பட்டனை அழுத்தியவருக்குக் கேம் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று எரிச்சல் வரும். அதனால் எடையையெல்லாம் அசைவுக்குப் பின்னால் தள்ளினோம். எங்கள் கேமின் நாயகி உடனே குதிப்பாள். அவள் கையிலிருக்கும் விளக்குதான் தாமதமாக ஆடி, பின்தங்கி, கடைசியில் அமரும்.

இதுவரை சொன்னதெல்லாம் கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்ளக்கூடியவை. என்னை உண்மையில் மாற்றியது, விளையாடுபவர்களுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்த நாள்.

கடைசி வருடக் கேம் அது. கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் ஒரு சிறுமி. முதல் அறையில் அவள் ஏணியில் ஏறி, கொக்கியில் தொங்கும் லாந்தரை எடுத்தால்தான் மேலே போக முடியும். ஏழு பேரை அழைத்து விளையாடச் சொன்னோம். விதி ஒன்றுதான்: நாங்கள் எதுவும் பேசக் கூடாது. கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. முதல் ஆள் வந்தார், நேராக இடது பக்கம் போனார். அங்கே ஓர் உடைந்த சிலை. மேலிருந்து விழும் ஒளிக்கற்றையில் தூசி மிதக்க, பாசி படர்ந்து நிற்கும். மூன்று வருடத்தில் நான் செய்ததிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான். அவர் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். குதித்தார். பட்டன்களையெல்லாம் அழுத்திப் பார்த்தார். நான்கு நிமிடம். இரண்டாவது ஆளும் அங்கேயே போனார். ஏழில் ஐந்து பேர். ஒருவர், "இந்தச் சிலை எதுக்கோ இருக்கு, எனக்குத்தான் தெரியல," என்று தன்னையே நொந்துகொண்டார். அதைக் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. கண் எங்கே அதிக வெளிச்சமும் அதிக இருட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போகும். அந்த அறையில் அப்படிப்பட்ட இடம் என் சிலை. வலது மூலையில் என் விளக்கு, இருட்டான ஏணிக்கு மேல், மங்கலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை குழுவில் யாரும் என்னிடம் சிலையை எடு என்று சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். 2012-இல் வந்த ஜர்னி என்ற கேமைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மணல்வெளி, தொலைவில் ஒரு மலை, உச்சியில் ஓர் ஒளி. எங்கே போக வேண்டும் என்று ஓர் எழுத்துகூட வராது. ஆனாலும் முதல் சில நிமிடங்களுக்குள் யாருக்கும் சந்தேகம் இருக்காது. அந்தத் திரையில் எத்தனை விஷயங்கள் அமைதியாக இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். மலை பேசுவதற்காக மற்றதெல்லாம் பேசாமல் இருக்கிறது.

சிலை மேல் விழுந்த ஒளிக்கற்றையை அணைத்தேன். பாசியின் பச்சையைப் பின்சுவரின் சாம்பலுக்கு அருகில் கொண்டுவந்தேன். சிலை அங்கேயேதான் இருக்கிறது. விளக்கோடு திரும்பி வருபவர்களுக்கு மட்டும் அதன் முகம் தெரியும். ஏணிப் படிகளின் விளிம்பில் விளக்கின் வெளிச்சம் லேசாகத் தொட்டுச் செல்லும்படி வரைந்தேன். விளக்குக்குப் பின்னால் சுவரை, பழையபடி, இருட்டாக்கினேன். பிடித்த வேலையை மங்கவைத்த அந்த இரண்டு மணி நேரம் எனக்கு எளிதாக இல்லை. ஆனால் படிப்பு முழுவதிலும் நான் எடுத்த முடிவுகளில் இதைத்தான் என் முடிவு என்று உரிமையோடு சொல்வேன்.

அதற்குப் பிறகு விமர்சனம் கேட்கும் விதமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் படத்தை நீட்டி "எப்படி இருக்கு?" என்பேன். "நல்லா இருக்கு" என்பார்கள். அன்பாகச் சொல்வதுதான், ஆனால் அதை வைத்து அடுத்து எந்தக் கோட்டைத் திருத்துவது? இப்போது படத்தை மூன்று நொடி காட்டி மறைத்துவிட்டு, "முதல்ல எதைப் பார்த்தீங்க? அப்புறம் எதை?" என்று கேட்கிறேன். அழகா இல்லையா என்று யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை என்பதால், கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். ஜூனியர்களின் வேலையைப் பார்க்கும்போதும் நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: எனக்கு முதலில் இது தெரிந்தது, இரண்டாவதாக இது. நீ நினைத்த வரிசை அதுவா?

ஒரு வாக்கியம் எழுதினால் படம் தரும் கருவிகளைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். வேலை கிடைக்குமா என்ற பயம் எனக்கும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஒரு நாள் லாந்தர் கேட்டுப் பார்த்தேன். நான்கு வந்தன, நான்கும் என் முதல் விளக்கைப்போலவே இருந்தன: துரு, புகை, கீறல், எல்லாம் பிரமாதம். 64 பிக்சலுக்குச் சுருக்கினேன். நான்கும் கறையானது. கருவி நாளைக்கு இதையும் சரியாகச் செய்யலாம். என் கவலை வேறு. சுருக்கிப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றியது 30 கறுப்பு உருவங்களை என் கையால் போட்டதால்தான். முதல் மாதத்திலேயே அந்த வேலையைக் கருவியிடம் கொடுத்துவிட்ட மாணவருக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் படிக்கிற காலத்திலாவது கையால் செய்யுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன்.

நான்காவது விளக்கின் கடைசி வேலை, திரையின் மூலையில் வரும் அதன் சின்னம். 32-க்கு 32 பிக்சல். 1984-இல் வந்த மெகின்டாஷ் கணினிக்காக சூசன் கேர் என்ற வடிவமைப்பாளர் இதே அளவுக் கட்டங்களில், கிராஃப் தாளில் ஒவ்வொரு சதுரமாக நிரப்பிச் சின்னங்களை வடிவமைத்தார். நானும் தாளில்தான் போட்டேன். மொத்தம் 1024 சதுரங்கள். கண்ணாடிக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு சதுர அகலத்துக்கு வெற்றிடம் விட்டேன். கைப்பிடிக்கு ஒரே வரி. சுடருக்கு ஆறு சதுரம். முதல் விளக்கு எடுத்துக்கொண்ட அதே அக்கறையை இந்த ஆறு சதுரங்களும் கேட்டன. ஒன்றை இடமாற்றினால் சுடர் துளியாகிவிடும்.

கடைசி வருடக் காட்சி நாளில் எங்கள் கேமை வைத்திருந்தோம். நடுவயதுப் பெண் ஒருவர் வந்தார். கேம் விளையாடிப் பழக்கமில்லை என்று சொல்லிக்கொண்டே கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். எந்த விரலை எங்கே வைப்பது என்று நண்பன் காட்டினான். திரை இருண்டு, சுரங்கம் தெரிந்தது. வழக்கம்போல நான் பின்னால் நின்றேன், பேசவில்லை. அவர் சிலையைக் கடந்து வலது பக்கம் நடந்தார். ஏணியில் ஏறினார். லாந்தரை எடுத்தார். மூலையில் சின்னம் எரிந்தது. அவர் அதைப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த தன் பெண்ணிடம் வேறு எதையோ பேசிக்கொண்டே அடுத்த பாதைக்குள் போய்விட்டார். நான் அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எங்கேயும் தயங்கவில்லை.